யாருக்கான ஸ்டூடியோ?

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ராலே நகரில் உள்ள வடிவமைப்புப் பள்ளியில், கட்டடக்கலை படிக்க ஓர் இளைஞர் சேர்ந்தார். பெயர் ரொனால்ட் மேஸ். ஒன்பது வயதில் போலியோ தாக்கியதிலிருந்து சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வகுப்புக்குப் போகவேண்டுமானால் படிக்கட்டில் யாராவது அவரைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். முடிந்ததும் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும். கழிப்பறை வாசலுக்குள் நாற்காலி நுழையாது. கட்டடத்தில் மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே இந்த நிலைமை. மேஸ் 1966-இல் பட்டம் வாங்கினார்.

சில ஆண்டுகள் வழக்கமான கட்டடக்கலைஞராக வேலை பார்த்தவர், பிறகு மாற்றுத்திறனாளிகளும் புழங்கத்தக்க கட்டடங்களுக்கான விதிகளை வகுக்கும் பணியில் இறங்கினார். அவர் பங்களிப்போடு 1973-இல் வந்த வடக்கு கரோலினா கட்டட விதிகள் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரி ஆயின. 'யுனிவர்சல் டிசைன்' என்ற பெயர் 1985-இல் அவரால்தான் புழக்கத்துக்கு வந்தது. தான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் 1989-இல் ஓர் ஆய்வு மையத்தை நிறுவினார். அவர் தலைமையில் கூடிய குழு 1997-இல் வகுத்த ஏழு கோட்பாடுகளைத்தான் இன்று நம் ஊர்க் கட்டடக்கலை மாணவர்களும் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அடுத்த ஆண்டே மேஸ் காலமானார்.

ஒரே ஒரு மாணவர் உள்ளே வந்ததால் பாடமே மாறிப்போனது. அதுவும் எப்படி? பள்ளி அவருக்கு எந்த ஏற்பாடும் செய்துகொடுக்காமல், அவரே எல்லாத் துன்பத்தையும் தாங்கிக்கொண்டு படித்து முடித்ததால். அதே படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் வரைந்திருக்கக்கூடிய கட்டடங்களும் அவர்களோடு போய்விட்டன.

'பன்முகத்தன்மை', 'உள்ளடக்கிய தன்மை', 'மனநலம்' என்று கல்வி நிறுவனங்களின் அறிக்கைகளில் இப்போது நிறையப் படிக்கிறோம். எந்தத் துறைக்கும் இவை தேவைதான். ஆனால் டிசைன் பள்ளிக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. இங்கே படிப்பவர்கள் வெளியே போய்ப் பேருந்தையும் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனை வரிசையையும் பணம் எடுக்கும் எந்திரத்தின் திரையையும் வடிவமைக்கப்போகிறார்கள். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024-இல் மறுபடி சாலைக்கு வர, மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. இன்று அந்தப் பேருந்தில் ஏறும்போது முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், இடுப்பில் குழந்தையோடு வரும் தாய்க்கும், கோயம்பேட்டில் காய்கறி வாங்கிக் கூடையோடு ஏறுகிறவருக்கும் சுலபமாக இருக்கிறது. உயரமான படிகளைப் பல பத்தாண்டுகளாக வரைந்த மேசைகளைச் சுற்றி இவர்களில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி யார் உட்காரலாம் என்பது கல்லூரியில்தான் முடிவாகிறது.

வாசலில் நடப்பது

நவீன டிசைன் கல்விக்கு ஊற்றுக்கண் என்று எல்லோரும் காட்டுவது ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியை. வால்டர் குரோப்பியஸ் 1919-இல் வைமார் நகரில் தொடங்கியது. வயது, பால் வேறுபாடு பார்க்காமல் சேர்த்துக்கொள்வோம் என்று அறிவித்தே தொடங்கினார். அதை நம்பி வந்த பெண்களின் எண்ணிக்கை முதல் பருவத்திலேயே ஆண்களை ஒட்டி இருந்தது. நிர்வாகம் பயந்துவிட்டது. பெண்களின் சேர்க்கையைக் குறைக்க முடிவெடுத்தார்கள். சேர்ந்தவர்களையும் நெசவுப் பட்டறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கண்ணாடிப் பட்டறைக்கு ஆசைப்பட்ட ஆனி ஆல்பர்ஸ் வேண்டாவெறுப்பாகத்தான் தறியில் உட்கார்ந்தார். அவரே பின்னாளில் நெசவை உலகக் கலை அரங்குக்குக் கொண்டுபோனார். 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்த முதல் நெசவுக் கலைஞர் அவர். உலோகப் பட்டறையில் எப்படியோ கால் ஊன்றிய மரியான் பிராண்ட் 1924-இல் செய்த தேநீர்க் கெண்டி இன்றைக்கும் டிசைன் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. வாசலைத் திறந்துவிட்டதாகச் சொன்ன பள்ளி, உள்ளே வந்தவர்களை எந்த அறையில் உட்கார வைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கதை முழுமையாகும்.

நம் நாட்டிலும் வாசலைப் பற்றி ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பு படிக்க விண்ணப்பித்த ஓர் இளைஞருக்கு நிறக்குருடு என்று தெரியவந்ததும் இடம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிமன்றம் நிபுணர் குழு ஒன்றை அமைத்துக் கேட்டது. வண்ணத்தைச் சரிசெய்யும் பயிற்சி அந்தப் படிப்பில் ஒரு சிறு பகுதிதான், அதை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம், நிறக்குருட்டைக் காட்டி யாரையும் ஒதுக்கவேண்டியதில்லை என்ற முடிவுக்குக் குழு வந்தது. 2022-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு டிசைன் கல்லூரி முதல்வரும் ஒருமுறை படிக்கவேண்டும் என்பேன். மாணவரின் கண்ணில் குறை தேடிக்கொண்டிருந்த ஒரு விவகாரத்தில், பாடத்திட்டத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னது அது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடம் ஒதுக்கலாம். மாணவர்கள் வரைந்து பழகும் ஸ்டூடியோ மூன்றாவது மாடியில் இருந்து, லிஃப்ட் இல்லாவிட்டால், வரைபலகை நின்றுகொண்டே வரையும் உயரத்தில் இருந்தால், அந்த இடத்தில் யார் வந்து உட்காருவது?

ஜூரி நாள்

ஜூரி என்றாலே டிசைன், கட்டடக்கலை மாணவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பருவம் முழுக்க ஒரு மாணவர் ஒரு திட்டத்தின்மேல் வேலை பார்க்கிறார். ஒரு நூலகமோ பேருந்து நிலையமோ நாற்காலியோ. கடைசி நாளில் ஏ1 தாள்களைச் சுவரில் குத்திவைக்கிறார். முன்னால் மேசையில் சன்போர்டில் வெட்டி ஒட்டிய மாடல். பசை காய்ந்த வெள்ளைத் தடம் அதன் ஓரங்களில் இன்னும் தெரியும். எதிரே மூன்று நான்கு பேர், அதில் ஒருவராவது வெளியிலிருந்து வந்த பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட். பத்துப் பதினைந்து நிமிடம். மாணவர் நின்றுகொண்டு பேசவேண்டும், வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். பின்னால் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

சென்னைப் புறநகரில் ஒரு கல்லூரியின் ஜூரியைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேள்விகளில் பாதி நல்ல கேள்விகள்: வெயில் எந்தப் பக்கம் இறங்கும், மழைத் தண்ணீர் எங்கே போகும், வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பவை. மீதிப் பாதி வேறு மாதிரி. ஆங்கிலத்தில் தடுமாறியவரைப் பாதியில் நிறுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். 'உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு' என்ற வகைப் பேச்சும் வந்தது. சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை என்ற விசாரிப்பும் நடந்தது. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்டவருக்கும் தெரியும், நின்றவருக்கும் தெரியும்.

கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். ஜூரியில் எதைக் காட்டிக் கேட்பது? வந்தவரின் மனதில் பதிந்த எண்ணம்தான் மதிப்பெண். அதனால்தான் சாதி, பால், நிறம், மொழி பற்றிய முன்முடிவுகள் வேறெந்தத் துறையையும்விட இங்கே சுலபமாக மதிப்பெண் பட்டியலுக்குள் நுழைந்துவிடுகின்றன. உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதிகள் கொண்டுவந்தபோது, விடைத்தாள் திருத்துவதிலும் மதிப்பெண் இடுவதிலும் நடக்கும் பாகுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஜூரி அறையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கல்லூரிகள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

ஜூரி என்ற வழக்கம் நம்முடையது அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் எகோல் தே போசார் கலைப் பள்ளியில் வேரூன்றியது. அங்கே நடுவர்கள் மூடிய கதவுக்குள் வரைபடங்களை மதிப்பிட்டார்கள். மாணவர் முன்னால் நிற்பதெல்லாம் பிற்காலத்தில் வந்தது. அந்தப் பள்ளி பெண்களை 1897-இல்தான் சேர்த்தது. கட்டடக்கலைப் பிரிவில் சான்றிதழ் வாங்கிய முதல் பெண், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஜூலியா மார்கன், 1902-இல் படித்து முடித்தார். ஆக, ஆண்கள் மட்டுமே, அதிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் படித்த ஓர் இடத்தின் சடங்கு கப்பலேறி உலகம் முழுக்கப் பரவி, நம்மிடம் 'தரம்' என்ற பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியை கேத்ரின் ஆண்டனி ஜூரி முறையையே கூண்டில் ஏற்றி விசாரிப்பதுபோல் ஒரு புத்தகம் எழுதி 1991-இல் வெளியிட்டார். அது வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல பள்ளிகள் அசையவில்லை.

அசையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் பார்ட்லெட் பள்ளியைப் பார்க்கலாம். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் ஓர் அங்கம். உலகத் தரவரிசைகளில் முதல் வரிசையில் நிற்கும் கட்டடக்கலைப் பள்ளி. அங்கே படித்த முன்னாள் மாணவி ஒருவர் தன்னைப்போல் பாதிக்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி 2021-இல் வெளியே கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தி விசாரிக்கச் சொன்னது. 2022 ஜூனில் வந்த அறிக்கை, பல பத்தாண்டுகளாக அங்கே மிரட்டலும் அவமதிப்பும் பால் பாகுபாடும் இனப் பாகுபாடும் நடந்துவந்ததை எழுத்தில் வைத்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. சில ஆசிரியர்கள் மாணவர்களோடு தொடர்புள்ள பொறுப்புகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.

பார்ட்லெட்டில் மாணவர்கள் 'யூனிட்' எனப்படும் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஆண்டு முழுக்க அந்த யூனிட் ஆசிரியர்தான் வழிகாட்டி, விமர்சகர், பின்னால் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் அவர்தான். அவரைப் பற்றிப் புகார் சொல்ல எந்த மாணவர் துணிவார்? நம் ஊரிலும் ஸ்டூடியோ ஆசிரியர் கையில் இருப்பது இதே அதிகாரம்தான். அவர் அலுவலகத்திலேயே பயிற்சி வேலையும் கிடைக்கும் என்றால் இன்னும் கூடுதல். நல்ல ஆசிரியர்கள் பலர் இந்த அதிகாரத்தை அன்போடு பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மாணவரின் பாதுகாப்பை ஆசிரியரின் நல்ல குணத்தின் பொறுப்பில் விட்டுவிட முடியாது.

கறாரான விமர்சனம் வேண்டாம் என்று எந்த மாணவரும் சொல்லிக் கேட்டதில்லை. கட்டடம் இடிந்தால் உயிர் போகும். தவறான மருந்துச் சீட்டு வடிவம் ஆளைக் கொல்லும். தப்பைத் தப்பென்று சொல்லத்தான் வேண்டும். எதை எதற்காக மதிப்பிடப்போகிறோம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, மாணவரையும் உட்காரவைத்துப் பேசி, தமிழில் விளக்க விரும்புகிறவரைத் தமிழில் விளக்க விட்டு, சொன்ன கருத்துகளை எழுத்திலும் தரலாம். பேசி முடித்த களைப்பில் எதுவும் காதில் ஏறாது என்பதால், ஒரு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. இவற்றில் எதற்கும் பணம் செலவில்லை.

நைட் அவுட்

சப்மிஷனுக்கு முந்தைய இரவுகளில் தூங்காமல் ஸ்டூடியோவிலேயே கிடந்து வேலை பார்ப்பதற்கு ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நைட் அவுட்'. முதலாண்டு மாணவருக்கு அது ஒரு பெருமை. எத்தனை இரவு தூங்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டு வரும்போது முதுகுவலி, வயிற்றுப்புண், எதற்கெடுத்தாலும் அழுகை என்று ஆகிவிடுகிறது. கூர்கத்தியால் விரலை வெட்டிக்கொள்ளாத மாணவரைப் பார்ப்பது அரிது. அதிகாலை நான்கு மணிக்கு, கண் செருகும் நேரத்தில், ஸ்டீல் ஸ்கேலை ஒட்டிக் கத்தியை இழுத்தால் வேறென்ன நடக்கும்?

இதை உடல்நலச் சிக்கலாக மட்டும் பார்க்கிறோம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. இரவு முழுக்க ஸ்டூடியோவில் இருக்க யாரால் முடியும்? பெண்கள் விடுதியின் கேட் இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ மூடிவிடும்; ஆண்கள் விடுதிக்கு அந்தக் கட்டுப்பாடு பல இடங்களில் தளர்வு. அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்துபோகிறவர் கடைசி மின்சார ரயிலைப் பிடித்தாகவேண்டும். சாயங்காலம் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டுகிறவர், வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர், நாள்தோறும் மருந்து சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கவேண்டியவர், இவர்கள் யாருக்கும் அந்த இரவு கிடையாது. ஆனால் மறுநாள் சுவரில் எல்லோருடைய தாள்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். தூங்காமல் செய்த வேலைக்கு 'உழைப்பு' என்று பெயர் கிடைக்கும். கேட் மூடியதால் பாதியில் நின்ற வேலைக்கு 'அக்கறையில்லை' என்று பெயர் கிடைக்கும். நைட் அவுட்டை ஒழிப்பது சமவாய்ப்புக்கான வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்கக் கட்டடக்கலை மாணவர் சங்கம் இதைக் கையில் எடுத்து 2002-இல் ஸ்டூடியோ பண்பாட்டை மாற்றியமைப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தூக்கத்தைத் தொலைப்பதும் போட்டியில் ஒருவரை ஒருவர் மிதிப்பதும் நல்ல டிசைனுக்கு விலையாக இருக்கத் தேவையில்லை என்பதே அதன் சாரம். அதன் விளைவாக அங்கே கட்டடக்கலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, ஒவ்வொரு பள்ளியும் ஸ்டூடியோ பண்பாடு குறித்து எழுத்துபூர்வமான கொள்கை வைத்திருக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. பிரிட்டனில் ஒரு கட்டடக்கலை இதழ் 2016-இல் மாணவர்களிடம் நடத்திய கணிப்பில், நான்கில் ஒருவருக்கும் மேல் மனநலத்துக்காக மருத்துவ உதவி பெற்றதாகவோ பெற்றுவருவதாகவோ சொன்னார்கள்.

இந்தியாவில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். டெலி-மானஸ் போன்ற உதவி எண்கள் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கவேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும். டெலி-மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

ஆலோசகரை நியமிப்பது கட்டாயம் செய்யவேண்டியது. ஆனால் ஒரே வாரத்தில் நான்கு பாடங்களுக்குச் சப்மிஷன் வைத்துவிட்டு, உடைந்துபோன மாணவரை ஆலோசகர் அறைக்கு அனுப்பினால் அவர் என்ன செய்வார்? நாள்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு மதியம் உட்கார்ந்தால் சப்மிஷன் தேதிகளைப் பிரித்துப் போட்டுவிடலாம். ஸ்டூடியோவை இரவு பத்து மணிக்கு எல்லோருக்கும் பூட்டிவிட்டு, அந்த நேரத்துக்குள் முடிகிற அளவுக்கு வேலையைத் தரலாம். தாள்களின் எண்ணிக்கைக்கும் மாடலின் பளபளப்புக்கும் மதிப்பெண் தருவதை நிறுத்தினாலே பாதி இரவுகள் திரும்பிவிடும்.

தறியில் வளர்ந்த பிள்ளை

பளபளப்புக்கு ஒரு விலை உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், வண்ணத்தில் ஏ1 பிரின்ட், லேசர் வெட்டு, இறக்குமதி அட்டை, இவையெல்லாம் கல்விக் கட்டணத்தில் சேராத செலவு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான சலுகையில் படிக்க வந்தவர் இந்தச் செலவை எதில் எழுதுவார்? ஜூரி முடிந்த மறுநாள் காலை கல்லூரிக்குப் பின்னால் குப்பையில் கிடக்கும் மாடல்களைப் பார்த்தால் மனசு ஆறாது. நல்ல அட்டையைப் பிரித்தெடுத்து அடுக்கிவைக்க ஓர் அலமாரி, பொதுவில் பத்துக் கணினி, கறுப்பு வெள்ளைப் பிரின்ட் போதும் என்ற விதி, இந்த மூன்றும் பல குடும்பங்களின் வட்டிக் கடனைக் குறைக்கும்.

அறிவு விஷயத்தில் நடக்கும் இழப்பு இதைவிடப் பெரிது. காஞ்சிபுரத்தில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யும்போது மூன்று நாடா ஓடும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவை வாங்கித் தள்ளவேண்டும். இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால்தான் கரை பிரியாது. இழுவை கொஞ்சம் தளர்ந்தாலும் அந்தக் கோட்டில் சுருக்கம் விழுந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த பிள்ளைக்கு இழுவை, நிறச் சேர்க்கை, அளவு, வடிவத் திருப்பம் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். டெக்ஸ்டைல் டிசைன் வகுப்பில் அந்தப் பிள்ளை சேர்ந்தால் ஆசிரியருக்கே கற்றுக்கொடுக்க முடியும். ஆனால் நுழைவுத் தேர்வில் கேட்கப்படுவது பெருநகரத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய உலகம். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பயிற்சி மையங்கள் பெருநகரங்களில், அவற்றின் கட்டணமோ நெசவுக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில். தப்பித்தவறி உள்ளே வந்தாலும், அந்தப் பிள்ளை தன் வீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. வகுப்பில் கைத்தறி 'கைவினை' என்ற தலைப்பில் ஒரு வாரக் களப்பயணமாக வரும். நெய்தவர்களின் பிள்ளை, மற்ற மாணவர்களோடு நின்று தறியைப் படம்பிடிக்கும்.

நமக்கு மாற்று மரபும் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைத்தொழில் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பத்தோடு சுடுமண், நெசவு, காட்சித் தொடர்பு வடிவமைப்பும் அங்கே படிக்கலாம். இன்று தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. கிராமத்திலிருந்து, சுவர் விளம்பரம் எழுதும் குடும்பத்திலிருந்து, குயவர் வீட்டிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பல தலைமுறைகளாக அங்கே தங்கள் மொழியிலேயே விவாதித்து வளர்ந்திருக்கிறார்கள். பத்திரிகை ஓவியத்திலும் திரைப்படக் கலை இயக்கத்திலும் அவர்கள் கைவண்ணத்தை நாம் அறியாமலே தினமும் பார்க்கிறோம். தமிழில் யோசித்தால் டிசைன் வராது என்று யாராவது சொன்னால் எழும்பூர்ப் பக்கம் இருக்கும் இந்தக் கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டலாம்.

சொல்லிக்கொடுப்பவர் யார்?

மாணவர் சேர்க்கையில் எவ்வளவு கலந்தாலும், ஆசிரியர் அறையில் ஒரே மாதிரி முகங்கள் இருந்தால் ஜூரியின் காது மாறாது. கனடாவின் டொரோன்டோ நகரில் உள்ள ஓகேட் பல்கலைக்கழகம் 1876-இல் தொடங்கியது. அதன் டிசைன் புலத்துக்கு 2016-இல் தலைவராகத் தேர்வான டோரி டன்ஸ்டல், உலகில் ஒரு டிசைன் புலத்தின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். ஆசிரியர் வேலைக்கான விளம்பரத்தை முதலில் அவர் எடுத்துப் படித்தார். அதில் கேட்கப்பட்ட தகுதிகளே பூர்வகுடியினரையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்கவிடாமல் வடிகட்டிக்கொண்டிருந்தன. தகுதி வரியைத் திருத்தி எழுதினார்கள். சமூகத்துக்குள் பெற்ற அறிவையும் அனுபவத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒருவரை மட்டும் நியமித்தால் அவர் தனியாக நின்று தவிப்பார் என்பதால் குழுவாக நியமித்தார்கள். 2020-இல் ஒரே சமயத்தில் ஐந்து கறுப்பின ஆசிரியர்கள் நிரந்தரப் பணிப் பாதையில் சேர்ந்தார்கள். அந்தப் புலத்தின் 144 ஆண்டு வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒருவர்கூட இல்லை.

இந்தக் குழு நியமன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் கல்லூரிகளில் ஒரு துறைக்கு ஒரே ஒரு தலித் ஆசிரியரோ, மாற்றுத்திறனாளி ஆசிரியரோ இருந்தால், அந்த வகை மாணவர்களின் குறை அத்தனையும் அவர் தலையில் வந்து விழுகிறது. குழுக்களுக்கெல்லாம் அவர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அவர் ஆராய்ச்சி செய்வது எப்போது, பாடம் தயாரிப்பது எப்போது?

தமிழ்நாட்டில் இந்தக் கதை கல்லூரி வாசலுக்கும் முன்பே, அரசுப் பள்ளியின் ஓவிய வகுப்பில் தொடங்குகிறது. அந்த வகுப்பு பெரும்பாலான பள்ளிகளில் கால அட்டவணையில் மட்டும் இருக்கும். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குப் பதினாறாயிரத்துக்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்தில் சில அரை நாட்கள் வேலை, சொற்பத் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேருந்து நிறுத்தத்தை வரைந்து, நிழற்குடை எங்கே இருக்கவேண்டும் என்று தானாகவே ஒரு கோடு இழுத்தால், அதைப் பார்த்து 'இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது' என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த ஓவிய ஆசிரியர்தான். அவரை முழுநேரமாகப் பள்ளியில் உட்கார வைக்கவேண்டும். நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியை மாவட்டத் தலைநகர்களில் தமிழில் இலவசமாக நடத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களின் டிசைன், கட்டடக்கலைத் துறைகள் ஏற்றுக்கொள்ளலாம். இறுதியாண்டு மாணவர்களே சனிக்கிழமைகளில் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம், அதற்கு மதிப்பெண்ணும் தரலாம். விண்ணப்பங்கள் திறக்கும் மாதத்துக்கு முன்பே அந்த வகுப்புகள் தொடங்கியாகவேண்டும்.